பப்பாசியும் பட்டாணிச் சாமியாரும்

ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகும் வீதியில் இருந்த ஒரு பாடசாலைக்கு உயிரியல் ஆசிரியையாக நான் போனபோது, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க அங்கே ஒரு கைப்பிடிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். வசதி இருந்தவர்கள் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்ப் படித்தார்கள். நான் ஞாயிறு பின்னேரம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுவேன். ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்போது அந்த வாரப் பாடங்களை மனதுக்குள் அடுக்கத் தொடங்குவேன். வாடகை அறைக்கு வந்து சேரும்போது அடுக்கியதெல்லாம் கலைந்திருக்கும்.

பரம்பரையியல் பாடம் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்குச் சந்தோசம். அது கணக்கு மாதிரி. கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் கை நாலு பெட்டி கீறத் தொடங்கிவிடும். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்து, அதில் பிறந்ததைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் மூன்று நெட்டை, ஒரு குட்டை. அந்த விதியைக் கண்டுபிடித்த துறவிக்கு வகுப்பில் ஒருவன் ‘பட்டாணிச் சாமியார்’ என்று பெயர் வைத்து, அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் அவர்களில் ஒருவர்கூடப் பட்டாணிச் செடியைக் கண்டதில்லை. கடலையோடு கலந்து கடதாசிச் சுருளில் விற்கும் காய்ந்த பட்டாணியைத்தான் தெரியும்.

ஒருநாள் நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். “உங்கட வளவில நிக்கிற ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ. அதில இந்த விதி சரிவருதோ எண்டு பாப்பம்.”

யன்னலோரம் இருந்த பிள்ளை எழும்பினாள்.

“பப்பாசி, ரீச்சர்.”

அவள் அதிகம் கதைக்காத பிள்ளை. அவளுடைய தாத்தா காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்த குடும்பம். தகப்பன் பல வருடம் மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்று, பிறகுதான் காட்டோரமாக ஒரு துண்டுக் காணியில் பப்பாசி வைத்தவர். வகுப்பில் எங்களைப்போலக் கதைப்பாள். கைத்தொலைபேசியில் தாய் கூப்பிட்டால் அந்தக் கணமே “சொல்லுங்கம்மா, வந்துர்றேன்” என்று வேறு தமிழுக்கு மாறிவிடுவாள். இரண்டும் அவளுக்கு இயல்பாகவே வந்தன.

“பப்பாசியில என்ன?” என்றேன்.

“அப்பா நல்ல நீட்டுக் காய் மரத்திலதான் விதை எடுக்கிறவர். ஆனாக் கண்டு வளர்ந்து காய்க்கேக்க சிலது உருண்டைக் காயா வருகுது. யாவாரி உருண்டையை எடுக்கமாட்டார். எவ்வளவு உருண்டை வரும் எண்டு முதலே சொல்லேலுமோ, ரீச்சர்?”

நான் அத்தனை நாளும் கேட்க ஆசைப்பட்ட கேள்வி அது.

பப்பாசியில் மரங்கள் மூன்று வகை. ஆண்பூ மட்டும் பூப்பது காய்க்காது. பெண்பூ மட்டும் பூப்பது உருண்டைக் காய் காய்க்கும். ஒரே பூவுக்குள் ஆண் பகுதியும் பெண் பகுதியும் சேர்ந்திருக்கும் இருபால் மரம்தான் சந்தை கேட்கும் நீட்டுக் காயைக் கொடுக்கும். அவர்களுடைய காணியில் ஆண்மரமே இல்லை. ஆகவே கணக்கு சுலபமாகத் தெரிந்தது. இருபால் தன்மை ஆட்சியானது, பெண் தன்மை அதற்குப் பின்னால் மறைந்துபோகும் பின்னிடைவானது. வகுப்பு முழுவதும் நாலு பெட்டி கீறியது.

“மூண்டு நீட்டு, ஒரு உருண்டை,” என்றான் முன்வாங்கில் இருந்த நெட்டைப் பையன். கிளிநொச்சிக்குச் சனி ஞாயிறில் ரியூசனுக்குப் போகிறவன், வைத்தியத் துறைக்குக் குறிவைத்திருந்தவன். “சாமியார் சொன்ன மாதிரித்தான்.”

“அப்ப நட்டுப் பாப்பமா?” என்றாள் அவள்.

இது பரீட்சைக்கு வராது என்று அவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அடுத்த கிழமை நாங்கள் எல்லோரும் சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனபோது அவனும் வந்திருந்தான்.

தாய் வாசலுக்கு ஓடி வந்தார். “வாங்க டீச்சர், உள்ளுக்கு வந்து ஒக்காருங்க.” தகப்பன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பூ விரிவதற்கு முதல் மொட்டை மூடிக் கட்ட வேண்டும், வேறு பூவின் மகரந்தம் வந்து விழக்கூடாது என்று நான் விளங்கப்படுத்தினேன். பழைய நுளம்பு வலையை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தாய்தான் தைத்துத் தந்தார்.

“பூவுக்குச் சட்டை போடுறீங்களா, டீச்சர்?” என்று தகப்பன் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்தப் பழங்கள் பழுக்கும்வரை காத்திருந்தோம். பழுத்ததும் விதைகளைச் சாம்பலில் பிசைந்து கழுவி, நிழலில் காயவிட்டு, ஆய்வுகூடத்துக்குப் பின்னால் கறுப்புப் பைகளில் போட்டோம். கொஞ்ச விதையைப் போத்தலில் மிச்சம் வைத்தோம். முளைத்தவற்றில் ஒரு பகுதியைப் பாடசாலை வளவின் பின்பக்கத்தில் நட்டோம். மிச்சத்தை ஆளுக்குச் சிலதாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். முளைக்காத பைகளின் மண்ணைக் கொட்டி அடுத்த தேவைக்கு எடுத்துக்கொண்டோம். அதில் யாரும் எதையும் யோசிக்கவில்லை.

கன்றுகள் நெஞ்சளவு உயர்ந்து, மொட்டு விடத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை. நான் வாசலுக்கு வரும்போதே பிள்ளைகள் பின்பக்கமாகக் கூடி நிற்பது தெரிந்தது. வேலிக் கட்டைகள் இரண்டு சரிந்து கிடந்தன. உள்ளே பப்பாசி வரிசை இல்லை. யானைகள் வந்து போயிருந்தன. முறிந்த தண்டுகளில் இருந்து பால் வழிந்து மண்ணோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெரிய லத்திக் குவியல். அதிபர் வனசீவராசிக்காரருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, “இதுக்குத்தான் நான் முதலே மல்லிகை வைப்பம் எண்டனான்,” என்று சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு பிள்ளை அழுதாள். ஒரு வருடத்துக்குக் கிட்டிய வேலை. வகுப்புக்குப் போவோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் யன்னலோரப் பிள்ளையைக் கண்டேன். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முறிந்த தண்டுகளுக்குள் குந்தியிருந்தாள். ஒவ்வொரு நுனியையும் தூக்கி இலைக்காம்பின் அடியைப் பார்த்தாள்.

“என்ன தேடுறாய்?” என்றேன்.

“மொட்டு இருக்கு, ரீச்சர்.” அவள் தலையை நிமிர்த்தவில்லை. “யானை மேல் இலையைத்தான் திண்டிருக்கு. வெயில் ஏற முதல் பிளந்து பாத்தமெண்டால் ஆண் பகுதி இருக்கோ இல்லையோ எண்டு தெரியும்தானே. வாடினாப் பிறகு தெரியாது.”

பிளேட்டும் பெரிதாகக் காட்டும் கைவில்லையும் எடுக்க நான் ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். அந்தக் காலையில் முதல் இரண்டு பாடமும் எங்களுக்கு அந்த மண்ணில்தான் நடந்தது. ஒருவர் மொட்டைக் கிள்ளிக் கொடுக்க, ஒருவர் நீளவாக்கில் பிளக்க, அவள் வில்லைக்குள்ளால் பார்த்துச் சொல்லுவாள். “இருபால்.” “பெண்.” “இருபால்.” மொட்டு மிகச் சின்னதாக இருந்த தண்டுகள் சில வந்தன. நெட்டைப் பையன் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது இருபால் மாதிரித்தான் கிடக்கு,” என்றான்.

“மாதிரி எண்டால் வேண்டாம்,” என்றாள். “தெரியாது எண்டு வை.”

அவன் அதைத் தனியாக வைத்தான். அழுத பிள்ளை கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த தண்டை இழுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முதல் செத்த வீடு மாதிரிக் கிடந்த இடம் அது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பாடசாலை விட்டதும் வீடு வீடாகப் போனோம். முத்தையன்கட்டுப் பக்கம் யாழ் குடாநாட்டில் இருந்து வந்து வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள். அப்படி ஒரு வீட்டில் கன்றுகளைக் கிணற்றடியில் நட்டு அழகாக வளர்த்திருந்தார்கள். ஆனால் ஒன்றின் இடத்தில் வெறும் குழிதான் இருந்தது.

“அதை ஆடு கடிச்சுப் போட்டுது, பிள்ளை,” என்றார் அந்த வீட்டு அம்மா. “அதுவும் நல்ல நீட்டுக் காய்தான் காய்ச்சிருக்கும். என்ர கைராசி அப்பிடி.”

எல்லோரும் சிரித்தோம். யன்னலோரப் பிள்ளையும் சிரித்தாள். ஆனால் வெளியே வந்து சைக்கிளில் ஏறும்போது, “அதைச் சேர்க்கேலாது, என்ன ரீச்சர்?” என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கூட்டிக் கரும்பலகையில் எழுதினோம். மூன்றுக்கு ஒன்று வரவில்லை. நீட்டுக் காய் மரங்கள் குறைவாக இருந்தன, உருண்டை கூடுதலாக இருந்தது. இரண்டுக்கு ஒன்று என்று சொல்லலாம் போலக் கிடந்தது.

“யானையால குழம்பியிருக்கும்,” என்றாள் ஒருத்தி.

“யானைக்கு ஆண் பெண் தெரியுமே? எல்லாத்தையும்தானே முறிச்சது,” என்று இன்னொருத்தி கேட்டாள்.

நெட்டைப் பையன் எழும்பினான். “ரீச்சர், கொஞ்சத்தைத்தானே மாத்த வேணும். மொட்டுச் சின்னனா இருந்ததுகளை இருபால் பக்கம் போட்டாக் கிட்டத்தட்டச் சரியா வந்திடும். மாகாண விஞ்ஞானக் கண்காட்சிக்கு வைக்கிறதெண்டால் பிழையான விடையை வைக்கேலாதுதானே.”

அவன் கெட்ட பிள்ளை அல்ல. விடை புத்தகத்தில் இருக்கிறது, நாங்கள் அதற்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அத்தனை வருடமும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

யன்னலோரத்தில் இருந்து அவள் எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னாள். “மாத்திறதெண்டால் நடாமலே இருந்திருக்கலாம்.”

“அப்ப பட்டாணிச் சாமியார் பிழையா?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. எங்களுக்கு என்னவோ தெரியேல்லை எண்டு சொல்லுறன்.”

அவனோடு நேருக்கு நேர் அவள் கதைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் விடை தெரியாது என்று சொன்னேன். பல்கலைக்கழகத்தில் பப்பாசியைப் பற்றி ஒரு பந்தி படித்த ஞாபகம் இருந்தது, அந்தப் பந்தியில் என்ன இருந்தது என்ற ஞாபகம் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

அடுத்த நாள் காலை, மணி அடிக்க முதலே அவள் ஆய்வுகூட வாசலில் நின்றாள். சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

“ரீச்சர், முளைக்காத பையளை நாங்கள் கொட்டிப் போட்டம்.”

“ஓம். அதுக்கென்ன?”

“அதுகள் முளைச்சிருந்தா என்ன மரமா வந்திருக்கும்?”

அவள் உள்ளே வந்து வெண்கட்டியை எடுத்தாள். நாலு பெட்டி கீறினாள். நீட்டுக் காய்க்கான இருபால் தன்மைக்குப் பெரிய எழுத்து, உருண்டைக்கான பெண் தன்மைக்குச் சின்ன எழுத்து. ஒன்றில் இரண்டு பெரிய எழுத்து, இரண்டில் ஒரு பெரியதும் ஒரு சின்னதும், கடைசியில் இரண்டு சின்ன எழுத்து. பிறகு உள்ளங்கையால் முதல் பெட்டியை அழித்தாள்.

“இந்தப் பெட்டி பிறக்கிறதே இல்லை எண்டு வைப்பம். அப்ப மிஞ்சிறது ரெண்டு நீட்டு, ஒரு உருண்டை. விதி சரிதான், ரீச்சர். பிறக்காததுகளையும் எண்ண வேணும்.”

அழிந்த பெட்டியின் இடத்தில் அவள் கையின் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். படிப்பிக்கும் தொழிலில் இப்படி ஒரு காலை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று தெரியாது. எனக்குக் கிடைத்தது.

ஆனாலும் ஆசிரியைதானே. விதைகள் முளைக்காமல் போக எறும்பு, ஈரம், பழசான மண் என்று ஆயிரம் காரணம் உண்டு என்று சொன்னேன். “ஓம், அதையும் பாக்க வேணும்,” என்றாள் உடனே. போத்தலில் மிச்சம் இருந்த விதைகள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. அன்றைக்கு முழு வகுப்பும் அவற்றை ஊறவைத்து, தோலை உரித்து, பிளேட்டால் பாதியாக வெட்டிப் பார்த்தது. பெரும்பாலான விதைக்குள் சின்ன வெள்ளைக் கரு தட்டையாகக் கிடந்தது. ஆனால் சிலதுக்குள் கரு இல்லை. வெளியே பார்த்தால் மற்ற விதைகளைப் போலவே கறுப்பாக, பளபளப்பாக இருந்தவை அவை.

முதல் வெறும் விதையைக் கண்டவன் நெட்டைப் பையன்தான். அவன் அதைக் கைவில்லையோடு அவளுடைய மேசைக்குக் கொண்டுபோய் வைத்தான். “பார்,” என்று மட்டும் சொன்னான்.

இதோடு அவள் நிற்கவில்லை. தன்னுடைய எண்ணம் சரியென்றால் இன்னொன்றும் நடக்க வேண்டும் என்றாள். உயிரோடு நிற்கும் நீட்டுக் காய் மரம் எல்லாமே ஒரு பெரிய எழுத்தும் ஒரு சின்ன எழுத்தும் உள்ள கலப்பு மரம் என்றால், அதன் மகரந்தம் உருண்டைக் காய் மரத்தில் விழுந்து வரும் விதையில் பாதி நீட்டு, பாதி உருண்டை வர வேண்டும். அந்தச் சேர்க்கையில் இரண்டு பெரிய எழுத்துச் சேர வழியே இல்லை, அதனால் எந்தப் பெட்டியும் அழியாது.

“அதுக்கு இன்னொரு வருசம் வேணுமே,” என்றேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

“வேண்டாம், ரீச்சர். அப்பா உருண்டைப் பழத்தில ஒருக்கா விதை எடுத்தவர். நல்ல இனிப்பெண்டு தங்கச்சி அழுது கேட்டபடியால். அந்த வரிசை இப்ப காய்ச்சுக்கொண்டு நிக்குது.”

அவள் ஏற்கனவே ஓடிப்போய் அந்த வரிசையைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக் கேட்டேன். இல்லை என்றாள். எல்லோரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும், முதலே பார்த்தால் விளையாட்டில் களவு செய்த மாதிரி என்றாள்.

மறுநாள் பின்னேரம் நாங்கள் போனோம். போவதற்கு முதல் ஒவ்வொருவரும் என்ன வரும் என்று சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் பாதிக்குப் பாதி என்றார்கள். வரிசையின் ஒரு முனையில் இருந்து அவளும் மறுமுனையில் இருந்து நெட்டைப் பையனும் நடந்தார்கள். காய்களைத் தொட்டுத் தொட்டு அவள் உரத்துச் சொல்ல, அவனும் உரத்துச் சொல்ல, நடுவில் இரண்டு பிள்ளைகள் விரல்மடித்து எண்ணினார்கள். தகப்பனும் தாயும் கொட்டிலடியில் நின்று பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு முழுதாக விளங்கியிருக்காது. ஆனால் தங்களுடைய மகள் எல்லோருக்கும் முன்னால் சத்தம்போட்டுக் கதைக்கிறாள் என்பது விளங்கியது.

இருவரும் நடுவில் சந்தித்தார்கள். எண்ணியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஒரே ஒரு மரம்தான் வித்தியாசம். பாதிக்குப் பாதி.

நெட்டைப் பையன் கூவினான். அந்தக் கூவலுக்குக் காட்டோரத்தில் இருந்த மயில்கள் எழும்பிப் பறந்தன. பெண்பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார்கள். தகப்பன் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார்.

“சரியா வந்துருச்சாங்க, டீச்சர்?”

“சரியா வந்திட்டுது, ஐயா. உங்கட மகள் சொன்னபடியே.”

அவர் மகளைப் பார்த்தார். “அப்ப எனக்கு என்னா செய்யணும்னு சொல்லு, பிள்ளை.”

அவள் தன் வீட்டுத் தமிழில் விளங்கப்படுத்தினாள். எந்த விதையை எடுத்தாலும் நீட்டுக் காய் மட்டும் வராதுப்பா, அப்படி விதை தர்ற மரம் உயிரோடு இருக்கவே ஏலாது. அதனால ஒரு குழிக்கு ஒரு கண்டு வைக்காதீங்க, மூணு வைங்க. பூத்ததும் பாருங்க, நீட்டுக் காய்க்கிறதை விட்டுட்டு மத்ததை வெட்டிருங்க. பூவைப் பார்த்து எப்படி அறிவது என்று ஒரு பெண்பூவையும் ஒரு இருபாற்பூவையும் பறித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் வாங்கித் தாயிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை நான் யாழ்ப்பாணத்தில் என் பழைய வகுப்புத் தோழி ஒருத்தியைத் தேடிப் போனேன். பயிர் ஆராய்ச்சியில் வேலை செய்கிறவள். நான் சொல்லி முடிக்க முதலே அவள் சிரித்துவிட்டாள். “அது தெரிஞ்ச விசயமடி. ரெண்டு பக்கத்தாலும் அந்தப் பரம்பரை அலகு வந்தா விதைக்குள்ளேயே கரு செத்துப்போம். புத்தகத்தில இருக்கு.”

திங்கட்கிழமை அதை வகுப்பில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் கண்டுபிடித்ததை உலகம் ஏற்கனவே அறியும் என்றால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும் என்று பயந்தேன். ஆனாலும் சொன்னேன். சில முகங்கள் வாடத்தான் செய்தன. அவள் முகம் மட்டும் மலர்ந்தது.

“அப்ப நாங்கள் பிழைவிடேல்லை!” என்றாள். “எங்கேயோ இருந்த ஆக்களும் இதே மாதிரி எண்ணி, இதே மாதிரி யோசிச்சிருக்கினம், என்ன ரீச்சர்?”

முதலில் கண்டவர் யார் என்ற கேள்வி அவளுக்கு வரவே இல்லை. நான் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறேன். நெட்டைப் பையன் கெட்டிக்காரன், இப்போது வைத்தியத் துறையில் படிக்கிறான், நல்ல வைத்தியனாக வருவான். அவளிடம் இருந்தது கெட்டித்தனம் மட்டுமல்ல. தெரியாததைத் தெரியாது என்று வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே பொறுமையாகக் குந்தியிருக்க அவளால் முடிந்தது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

வைத்தியத் துறைக்கு அவளுக்குப் புள்ளி போதவில்லை. தாய் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை என்று கேள்விப்பட்டு நான் போனேன். அவள் குசினிக்குள் தாய்க்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். “அம்மா, எனக்கு மரம் பாக்கத்தான் விருப்பம். ஆஸ்பத்திரி வாசமே எனக்குப் புடிக்காது,” என்று சொல்லிச் சொல்லித் தாயைச் சிரிக்க வைத்துவிட்டாள். விவசாயம் படிக்க இடம் கிடைத்தது, போனாள்.

போன மாதம் தொலைபேசி எடுத்தாள். பூசணியில் ஏதோ செய்கிறார்களாம், விடியவே எழும்பிப் பூக்களை மூடப் போக வேண்டுமாம். கூடப் படிக்கிறவர்கள் நித்திரை கெடுகிறது என்று புறுபுறுக்கிறார்களாம். நீ என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“நான் எல்லாருக்கும் முதல் போயிடுவன், ரீச்சர்,” என்றாள். “விரியிறதைப் பாக்கலாம்.”